தானாப் போட்டுக்கும்

அன்று காலை ஆறு மணிக்கு என் ஆத்தா சொன்னது இதுதான்: "தானாப் போட்டுக்குமாத்தா. பூனைக்குப் போயி யாராச்சும் பிரசவம் பாப்பாகளா?" ஆத்தா சொன்னதில் தப்பில்லை. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் அவர் அறிய எத்தனையோ பூனைகள் குட்டி போட்டிருக்கின்றன. ஒன்றுக்குக்கூட யாரும் கிட்டே போனதில்லை. மறுநாள் எட்டிப் பார்த்தால் மூட்டைக்குப் பின்னால் நாலோ ஐந்தோ கண் திறக்காமல் கிடக்கும், தாய் நம்மைப் பார்த்து உறுமும், அவ்வளவுதான். நானும் அதை நம்பித்தான் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று மணி நேரம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சீதேவி மூன்று நிறப் பூனை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு முகப்பில் வந்து உட்கார்ந்தது என்று ஆத்தா வைத்த பெயர். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. கல்யாணம், சாந்தி என்றால் திறப்பார்கள், மற்ற நாளில் எலிக்கும் பூனைக்கும்தான் அந்த வளவுகள், நடு முற்றமெல்லாம். அப்படி ஏதோ ஒரு வீட்டில் பிறந்து வந்தவள். வந்த அடுத்த தை மாதம் தெருவில் ஒரு பைக் அவள் இடுப்பில் ஏறிப் போய்விட்டது. பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு மாதம் உள்வீட்டில் கதவைச் சாத்தி வைத்து, கையால் ஊட்டி, எழுப்பிவிட்டோம். நடந்தாள், கொஞ்சம் கோணல் நடை, ஆனால் மதில் ஏறினாள், எலி பிடித்தாள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. நடக்கிற பூனைக்கு எதற்கு எக்ஸ்ரே என்று இருந்துவிட்டோம்.

ஆடி கடைசியில் அவள் வெளியே இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்ததை நான் கணக்கு வைத்திருந்தேன். பூனைக்குச் சினைக்காலம் சராசரியாக 63 முதல் 65 நாள், ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம். ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு, விடியக் காலம் நாலரைக்கு வலி கண்டது. உள்வீட்டில் ஐயா காலத்துப் பெட்டகம் ஒன்று இருக்கிறது, அதன் அடியில் தடுக்கைப் போட்டு மேலே பழைய சேலை விரித்து வைத்திருந்தேன். அங்கேதான் படுத்தாள். வயிறு இறுகி, பின்னங்காலை எதிலாவது உதைத்து ஊன்றிக்கொண்டு, முழு உடம்பையும் கொடுத்து முக்குவாள். அப்புறம் விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். மறுபடி முக்குவாள். ஆறு மணிக்கும் அதே. ஒன்பது மணிக்கும் அதே.

அப்போது எனக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. பூனை பலமாக முக்க ஆரம்பித்து இருபது முப்பது நிமிடத்துக்குள் குட்டி வர வேண்டும். வரவில்லை என்றால் அது காத்திருக்கிற நேரம் இல்லை, வண்டி எடுக்கிற நேரம். குட்டியின் காலோ வாலோ பனிக்குடப் பையோ வெளியே தெரிந்தும் பத்து நிமிடத்தில் வராவிட்டாலும் அப்படித்தான். சிவப்பு ரத்தம் நிற்காமல் போனாலும், நாற்றம் அடித்தாலும் அப்படித்தான்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு, அதுதான் எங்களை ஏமாற்றியது. சில பூனைகள் இரண்டு குட்டி போட்டுவிட்டு நடுவில் பிரசவத்தையே நிறுத்திவிடும். போட்ட குட்டிக்குப் பால் கொடுத்து, தானும் பால் குடித்து, நிம்மதியாகத் தூங்கி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள்கூடக் கழித்து, மிச்சக் குட்டியைப் போடும். அது இயல்பு. ஆத்தா பார்த்திருந்தது அதைத்தான். "நேத்து ரெண்டு, இன்னைக்கு ரெண்டுன்னு போடுமே" என்றார். வித்தியாசம் எங்கே என்றால், அப்படி நிறுத்துகிற பூனை முக்காது, அமைதியாக இருக்கும். சீதேவி ஒன்றும் போடாமலே முக்கிக்கொண்டிருந்தாள், அவள் கண் அமைதியாக இல்லை.

ஒன்பதரைக்குப் பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று சொல்ல நினைத்தேன், ஆனால் குறை இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், "வலி பத்தலை" என்றார், ஆக்சிடோசின் ஊசி போட்டார், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். எக்ஸ்ரே இல்லை, ஸ்கேன் இல்லை, இடுப்பில் அடிபட்ட பூனை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

நம் பக்கத்து டாக்டர்கள் மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர்கள். செட்டிநாட்டிலேயே பெரிய அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது, மாட்டுப் பிரசவம் என்றால் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி இழுத்துப் போடுகிறவர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், அந்தத் திறமைக்குக் கும்பிடு போடலாம். பூனைக்கு அது நடக்காது. பூனையின் பிறப்பு வழியில் ஒரு விரலை நுழைப்பதே பாடு. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

ஆக்சிடோசின் என்ன செய்யும் என்றால் கர்ப்பப்பையைப் பிழிந்துவிடும். வழி திறந்திருந்து, கர்ப்பப்பைதான் சோர்ந்துபோய்ச் சுருங்க மாட்டேன் என்கிறது என்றால், அப்போது அது நல்ல மருந்து. பூனைகளுக்குப் பிரசவம் தடைபடுவதில் அந்தச் சோர்வுதான் முதல் காரணம் என்பதும் உண்மை. ஓரிரு யூனிட்டுக்குள் மிகக் கொஞ்சமாகப் போட்டு, தேவைப்பட்டால் கால்சியமும் குளுக்கோஸும் மெதுவாக நரம்பில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஆனால் வழியே அடைத்திருக்கும்போது பிழிந்தால் என்ன ஆகும்? கர்ப்பப்பை கிழியலாம். நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து, குட்டிக்குப் போகிற ரத்தம் நின்றுபோகலாம். அதனால்தான் அடைப்பு இல்லை என்று தெரியாமல் அந்த ஊசியைப் போடக் கூடாது. இதைப் பிறகு திருச்சியில் வேறொரு டாக்டர் எனக்குச் சொன்னபோது நான் ஊசி போட்ட நேரத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பயங்கரமாக முக்கினாள். கத்தினாள், அதுவரை கத்தாதவள். பன்னிரண்டரைக்கு எல்லாம் நின்றது. ஆத்தா "அடங்கிருச்சு பாரு" என்றார். சீதேவி எழுந்து வளவுக்கு நடந்து வந்து, தரையில் போய்ப் படுத்தாள், ஆத்தங்குடிக் கல் குளிர்ச்சியாக இருக்கும் என்று எப்போதும் படுக்கிற இடம். அவள் தலையைத் தூக்கி வைத்தபோதுதான் பார்த்தேன், மஞ்சள் பூ போட்ட கல்லின் மேல் கரும்பழுப்பாக ஒரு கறை, காப்பி டிகாக்ஷன் சிந்திய மாதிரி. குட்டி எதுவும் வெளியே வராமல் அந்த நிறம் வந்தால் உள்ளே ஏதோ ஒரு குட்டியின் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள். நாய்க்கு இதே கரும்பச்சையாக இருக்கும், பூனைக்குப் பழுப்பு. அவள் வலி அடங்கவில்லை, கர்ப்பப்பை ஓய்ந்துவிட்டது.

எங்கே போவது என்பதே அடுத்த பாடு. ஒரத்தநாட்டில் 2012இல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அன்று ஞாயிறு. திருச்சியில் பூனை நாய் மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரின் எண் தோழி மூலமாக என்னிடம் இருந்தது, அவர் எடுத்துவிட்டார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். முக்க ஆரம்பித்து எவ்வளவு நேரம்? முன்னால் எங்காவது அடிபட்டிருக்கிறதா? பதிலைக் கேட்டதும் "கிளம்பிடுங்கம்மா, நான் தியேட்டரைத் தயார் பண்றேன். சாப்பிட எதுவும் கொடுக்காதீங்க" என்றார். எங்கள் தெரு கார்க்காரத் தம்பிக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. "ஆச்சி, பூனைக்கா திருச்சி வரைக்கும்?" என்றார். திருமயம் தாண்டும்போது சீதேவி வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்தாள், கண்ணாடியில் அதைப் பார்த்தவர் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, புதுக்கோட்டையில் எங்கும் நிறுத்தவும் இல்லை.

எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார்கள். நான்கு குட்டி. சின்னச் சின்ன முதுகெலும்புகள், ஜெபமாலை மணி கோத்த மாதிரி. சினையில் நாற்பது நாளுக்கு மேல் ஆனால் குட்டியின் எலும்பு படத்தில் தெரிய ஆரம்பிக்கும், எண்ணிவிடலாம். ஆனால் டாக்டர் குட்டியைப் பார்க்கவில்லை, இடுப்பெலும்பைப் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய இடம் ஒரு பக்கம் உள்ளே இடிந்து, இடிந்தபடியே எலும்பு கூடியிருந்தது. அந்த இடுக்கின் வாயில் ஒரு குட்டியின் தலை. "இது வழி இல்லைம்மா, எத்தனை நாள் முக்கினாலும் வராது" என்றார். வண்டி மோதிப் பிழைத்த தெருப்பூனைகளுக்கு இது நன்றாகத் தெரிந்த காரணம்தானாம். இடுப்பு உடைந்து கூடிய பெட்டைப் பூனைக்கு உடம்பு தேறியதும் கருத்தடை செய்துவிட வேண்டும், சினையாகவே விடக் கூடாது. தை மாதம் ஒரு படம் எடுத்திருந்தால் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருப்பார்கள்.

ஸ்கேனில் இதயத்துடிப்பு பார்த்தார். வயிற்றுக்குள் இருக்கிற பூனைக்குட்டிக்கு நிமிடத்துக்கு இருநூறுக்கு மேல் துடிக்க வேண்டும். ஒன்றுக்குத் துடிப்பே இல்லை, வழியில் மாட்டிய குட்டி அது. ஒன்றுக்கு 140, அதாவது மூச்சுத் திணறுகிறது. மற்ற இரண்டும் பரவாயில்லை. ஆபரேஷன்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. குட்டிகளை எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று மட்டும் என்னைக் கேட்டார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: எடுத்துவிட்டால் பால் சுரக்குமா? சுரக்கும். பாலைச் சுரக்க வைக்கிற புரோலாக்டின் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரியிலிருந்து வருகிறது, சினைப்பையிலிருந்து இல்லை. நிறையப் பேர் இந்தப் பயத்தினாலேயே கர்ப்பப்பையை விட்டுவைக்கச் சொல்கிறார்களாம், அப்புறம் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பூனை மறுபடி சினையாகி வந்து நிற்குமாம்.

அவருக்கு ஒரே ஒரு உதவியாளர்தான் அன்று. "குட்டி வந்ததும் தேய்க்க ஆள் வேணும், ரத்தம் பாத்தா மயங்குவீங்களா?" என்றார். மயங்க மாட்டேன் என்றேன். முழங்கைவரை கழுவிக்கொண்டு, சூடு பண்ணிய துண்டுகளோடு ஓரமாக நின்றேன்.

முதலில் சீதேவியின் முன்னங்காலில் டிரிப். வாயருகே ஆக்சிஜன். மயக்கம் கொடுப்பதற்கு முன்னாலேயே வயிற்று முடியை மழித்துவிட்டார்கள், ஏனென்றால் மயக்க மருந்து தாயின் ரத்தம் வழியாகக் குட்டிக்கும் போகும், குட்டி அந்த மருந்தோடு இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் வெளியே வந்து மூச்சு விடுவதைக் கடினமாக்கும். அதனால்தான் சாதாரணமாகத் தெருப்பூனைக் கருத்தடைக்குப் போடுகிற சைலசின், கெட்டமின் கூட்டு பிரசவ ஆபரேஷனுக்கு நல்லதில்லை என்றார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கிற புரோபோபால் ஊசி, தொண்டையில் குழாய், அப்புறம் ஐசோஃப்ளூரேன் வாயு. அது சீக்கிரம் உடம்பை விட்டு வெளியேறிவிடும், தாயும் சீக்கிரம் விழிப்பாள். வெட்டுகிற கோட்டில் தோலுக்கடியில் மரப்பு மருந்தும் போட்டார், மயக்கத்தின் அளவைக் குறைக்க.

நடுவயிற்றில் நேர்கோடாக வெட்டினார். கர்ப்பப்பை அடியிலேயே இறுகி நிற்கிறது, கத்தி ஒரு நூல் ஆழம் போனாலும் அதைக் கிழித்துவிடும், அதனால் வயிற்றுச் சுவரை இடுக்கியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டினார். பூனையின் கர்ப்பப்பை மனிதருடையது மாதிரி ஒரு பை இல்லை. ஒய் எழுத்து மாதிரி இரண்டு நீளக் குழாய், அதில் குட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக, இடையிடையே கட்டிய உருளைபோல. வெளியே எடுத்து ஈரத்துணி மேல் வைத்தார். ஒரு பக்கம் நல்ல இளஞ்சிவப்பு. இடுப்புப் பக்கம் போகிற பகுதி கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. கிழியவில்லை. "கொஞ்சம் லேட்டாயிருந்தா கிழிஞ்சிருக்கும்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கன்றாத இடத்தில் ஒரு சின்ன வெட்டு, அதன் வழியாகவே எல்லாக் குட்டியையும் ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கொண்டுவந்தார். முதலில் வந்தது வழியில் மாட்டியது, இறந்திருந்தது, நல்ல வளர்ந்த குட்டி. இரண்டாவதை என் துண்டில் போட்டார். பனிக்குடத் தோல் முகத்தில் ஒட்டியிருந்தது, துடைத்தேன். சின்ன ரப்பர் பந்தால் மூக்கிலும் வாயிலும் நீரை உறிஞ்சச் சொன்னார். முன்பெல்லாம் குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசி நீரை வெளியேற்றுவார்களாம், மூளையில் ரத்தம் கசியும் என்று இப்போது அதைச் செய்யக் கூடாது என்கிறார்கள். முதுகையும் விலாவையும் தேய்க்கத் தேய்க்க, என் உள்ளங்கையில் அந்தச் சதைத் துண்டு ஒரு முறை விக்கியது. அப்புறம் வாயைத் திறந்து கத்தியது. கொசு கத்துகிற மாதிரிதான் கேட்டது. ஆனாலும் எனக்கு அதைவிடப் பெரிய சத்தம் அன்று வேறு இல்லை.

மூன்றாவதும் வந்த வேகத்தில் கத்திவிட்டது. நான்காவதுதான் அந்த 140. நீலம் பாய்ந்து, துவண்டு, விரலில் எடுத்தால் இரண்டு பக்கமும் தொங்கியது. உதவியாளர் வாங்கிக்கொண்டு தேய்த்தார், ஆக்சிஜன் காட்டினார், மிக மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் குத்தித் திருகினார். அந்த இடத்தைத் தூண்டினால் மூச்சு எழும்பும். இரண்டு முறை எழும்பியது. மூன்றாவது முறை எழும்பவில்லை. இருபது நிமிடம் விடாமல் பார்த்தார்கள். நான் இன்னும் அந்த நாலரை மணியிலிருந்து கணக்குப் போடுகிறேன், ஆறு மணிக்கே கிளம்பியிருந்தால் என்று.

கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பையையும் கட்டி எடுத்துவிட்டு, உள்ளே கரைகிற நூலால் அடுக்கடுக்காகவும், மேல்தோலைப் பிறகு பிரிக்கிற நூலாலும் தைத்தார். சில டாக்டர்கள் குட்டிகளோடு சேர்த்தே கர்ப்பப்பையைக் கட்டி மொத்தமாக வெளியே எடுத்துவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் இன்னொரு மேசையில் திறந்து குட்டிகளை எடுப்பார்களாம். அதற்குக் குட்டிகளை வாங்கிக்கொள்ள ஆட்கள் நிறைய வேண்டும். மொத்தம் ஆன செலவு 11,000 ரூபாய். சிலருக்கு இது பெரிய தொகை என்று தெரியும், எங்களுக்கும் பெரிய தொகைதான்.

திரும்பி வரும்போது இரண்டு குட்டியும் ஒரு பழைய கொட்டானில், ஓலைக் கூடையில். ஓலைக்கு மேல் துணி, துணிக்கு அடியில் வெந்நீர் பாட்டில். பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது, முதல் வாரம் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, முதலில் சூடு, அப்புறம்தான் பால். தாய் முழுக்க விழிக்கும்வரை குட்டிகளை அவளிடம் தனியாக விடக் கூடாது, மயக்கத்தில் மேலே படுத்துவிடுவாள், சில பூனை புரியாமல் கடித்தும்விடும். ராத்திரி ஒன்பது மணிக்குச் சீதேவி தலை நின்றது. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி அவள் காம்பிலிருந்து ஒரு சொட்டுப் பாலைப் பிதுக்கிக் குட்டிகள் மேல் தடவினேன், மருந்து வாடை மறைய. முகர்ந்தாள். திரும்பிக்கொண்டாள். மறுபடி முகர்ந்தாள். சின்னதன் பின்பக்கத்தை நக்கிவிட்டாள். சீம்பாலில் இருக்கிற நோயெதிர்ப்பு முதல் 16 மணி நேரத்துக்குள்தான் குட்டியின் குடலில் ஏறும் என்பதால் அவள் படுத்திருக்கும்போதே ஆளுக்கொரு காம்பில் வாயைப் பிடித்து வைத்தேன். வைத்ததும் பிடித்துக்கொண்டன.

ஆத்தா அன்று இரவு முழுக்கப் பெட்டகத்துக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டார். நடு இரவில் "வலிக்குமேத்தா, பாராசிட்டமால்ல கால் மாத்திரை கரைச்சு ஊத்துவமா?" என்று கேட்டார். நல்லவேளை கேட்டார். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து. நீங்களும் யாரும் கொடுத்துவிடாதீர்கள், டாக்டர் தருகிற வலிமருந்து மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூனை கத்துகிறது, வெளியே போகிறது என்று பருவத்தை நிறுத்த ஹார்மோன் ஊசி போடச் சொல்லி என்னிடம் இரண்டு பேர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். போடாதீர்கள். கர்ப்பப்பையில் சீழ் கட்டுவதற்கும் மார்புக் கட்டிக்கும் அது வழி விடும், அப்புறம் இதைவிட மோசமான ஆபரேஷன் ஒன்று காத்திருக்கும்.

சமையல் தராசில் தினமும் எடை போட்டேன். முதல் நாள் ஒன்று 92 கிராம், இன்னொன்று 85. ஒன்பதாம் நாள் கண் திறந்தன. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தோம். பதினைந்தாம் நாள் சீதேவி இரண்டையும் கவ்விக்கொண்டு பெட்டகத்தடியிலிருந்து அடுப்படிக்கு மாற்றினாள், மறுநாள் மாடிப்படிக்கு அடியில். ஏழு இடம் மாற்றும் என்பார்கள், நாங்கள் நான்குதான் எண்ணினோம்.

ஆண்குட்டி பள்ளத்தூரில் என் நாத்தனார் வீட்டில் இருக்கிறது. பெண்குட்டி எங்களிடம்தான். பங்குனியில் அதற்கு ஐந்து மாதம் ஆகிறது, கருத்தடைக்குத் திருச்சியில் நாள் வாங்கிவிட்டேன். கார்க்காரத் தம்பியிடம் சொன்னதும், "பூனைக்குத்தானே ஆச்சி, காலையில அஞ்சு மணிக்கே வந்துர்றேன்" என்றார்.